காரின் மூக்கு: ஆக்சிஜன் சென்சாரை நாமே மாற்றுவோம்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் குடியேறிய நம் குடும்பங்களில் பதினைந்து, இருபது வயதைத் தாண்டிய பெட்ரோல் கார்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. வாரத்தில் ஒரு நாள் காட்பாடி அல்லது வேலூர் போகும். ஊரிலிருந்து உறவினர் வந்தால் அலிபிரி வழியாக மலை ஏறும். இப்படிப்பட்ட வண்டி திடீரென்று பெட்ரோலை அதிகம் குடிக்க ஆரம்பித்து, டாஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கும் எரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டிய உறுப்புகளில் ஒன்று ஆக்சிஜன் சென்சார். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். புகைக்குழாயில் ஸ்பார்க் பிளக் போலத் திருகப்பட்டிருக்கும்.

என் 2006-ஆம் ஆண்டு கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்து வந்தது, 12-க்கு இறங்கிவிட்டது. ஒரு பட்டறையில் கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்றச் சொன்னார்கள். ஓய்வூதியக்காரனுக்கு அது சின்னத் தொகையா? மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன்.

இது வேலை செய்யும் விதத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எரிந்த பிறகு புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் பெட்ரோல் குறைவு. கொஞ்சமும் மிஞ்சாவிட்டால் பெட்ரோல் அதிகம். சென்சாரின் உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான் குப்பி ஒன்று இருக்கிறது. அதன் மூலப்பொருளான சிர்கான் நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. குப்பியின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறு பக்கம் புகை. சூடு சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இரு பக்கத்து ஆக்சிஜன் வித்தியாசத்தால் அது ஒரு சின்ன பேட்டரி போல மின்னழுத்தம் தரும். பெட்ரோல் அதிகமானால் சுமார் 0.9 வோல்ட், குறைந்தால் சுமார் 0.1 வோல்ட். அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது.

பாஷ் நிறுவனம் தயாரித்த இந்தச் சென்சார் 1976-இல் வோல்வோ கார்களில் அமெரிக்காவுக்குப் போனது. நம் நாட்டில் 1995-இல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் காட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் நின்றது. ஈயம் கன்வெர்ட்டரையும் சென்சாரையும் ஒருசேரக் கெடுத்துவிடும்.

உண்மையான ஆபத்து கன்வெர்ட்டருக்குத்தான். சென்சார் செத்து, பெட்ரோல் அதிகமாகவே போய்க்கொண்டிருந்தால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அளவுக்கு மீறிய சூட்டில் அதை உருக்கிவிடும். அதன் விலை சென்சாரைப்போல் பல மடங்கு. திருமலை ஏறக்குறைய 850 மீட்டர் உயரம். ஏற்றத்தில் முழுச் சுமையோடு போகும்போது கம்ப்யூட்டர் சென்சாரைக் கேட்காமல் தானாகவே பெட்ரோலைக் கூட்டும். அதனால் மலை ஏறும்போது கோளாறு தெரியாது. சமவெளியில் சாதாரணமாக ஓட்டும்போதுதான் செலவு தெரியும்.

மாற்றுவதற்கு முன் சோதித்தே ஆக வேண்டும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும், ஒரு பிளக் சரியாகப் பொறி விடாவிட்டாலும், மிச்ச ஆக்சிஜன் சென்சாரைத் தொட்டு 'பெட்ரோல் குறைவு' என்று சொல்ல வைக்கும். அப்போது சென்சார் மேல் பழி போடுவது தவறு. வண்டியைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். மூடிய ஷெட்டில் என்ஜினை ஓட விடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு மணம் இல்லாமல் உயிரைக் குடிக்கும். கனெக்டரின் பின்புறத்திலிருந்து சிக்னல் வயரில் மல்டிமீட்டரை 2 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, என்ஜினை 2,000 சுற்றுக்கு மேல் வையுங்கள். நல்ல சென்சாரில் எண் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே இடைவிடாமல் ஆடும். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் மேலே போக வேண்டும், விட்டால் கீழே இறங்க வேண்டும். 0.45 அருகில் அசையாமல் நின்றாலோ, சோம்பலாக நகர்ந்தாலோ சந்தேகம் உறுதி. நான்கு வயர் உள்ள சென்சாரில் ஒரே நிறமுள்ள இரண்டு வயர்கள் பெரும்பாலும் ஹீட்டருக்கானவை. என்ஜின் ஆறிய பிறகு கனெக்டரைக் கழற்றி அவற்றுக்கிடையே மின்தடையைப் பாருங்கள். சில ஓம் இருக்க வேண்டும். சுற்றே இல்லையென்றால் ஹீட்டர் எரிந்துவிட்டது. என் வண்டியில் நடந்தது இதுவேதான். ஸ்கேனர் பேசும் வண்டியானால் ஹீட்டர் கோளாறுக்கு 'பி 0135' என்ற எண் வரலாம்.

இனி மாற்றுவது. முன் சக்கரத்தை ஜாக்கியில் மட்டும் தூக்கி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் கட்டை கொடுக்காமல் நான் ஒரு வண்டிக்கு அடியிலும் போனதில்லை. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். முந்தின இரவே திருகு மேல் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். குழாய் கைக்குச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது 22 மி.மீ. ஸ்பானரால் திருப்பினால் பெரும்பாலும் இளகும். வயருக்கு வழிவிடும் பிளவுள்ள சாக்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது. 'பட்டேசிந்தி சார்' என்று மெக்கானிக் சொன்னால், இறுகிப் போயிருக்கிறது என்று அர்த்தம். அவசரப்பட்டுப் பிடுங்கினால் குழாயின் மரை போய்விடும். எண்ணெய் விட்டு மறுபடி காத்திருங்கள்.

புதியதை வாங்கும்போது உங்கள் வண்டிக்கு உரிய கனெக்டரோடு வருவதையே வாங்குங்கள். வயரை வெட்டி ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்றை வயரின் இடுக்கு வழியாகத்தான் இழுத்துக்கொள்கின்றன, அடைத்தால் கெட்டுவிடும். அதே காரணத்தால் கனெக்டருக்குள் கிரீஸும் வேண்டாம். நுனியைத் தொடாதீர்கள். மரையில் ஒட்டாமல் காக்கும் பசை புதியதிலேயே தடவியிருக்கும். இல்லையென்றால் மரைக்கு மட்டும் கொஞ்சம் தடவுங்கள். சிலிகான் பசையைக் கிட்டே கொண்டு போகாதீர்கள், அதன் ஆவியே சென்சாருக்கு விஷம். முதலில் கையால் திருகி, பிறகு சுமார் 40 நியூட்டன் மீட்டர் இறுக்குங்கள். உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. வயர் குழாயைத் தொடாதபடி கிளிப்பில் மாட்டுங்கள்.

பேட்டரியை மறுபடி இணைத்த பிறகு பழைய வண்டிகள் பலவற்றில் விளக்கு அணைந்துவிடும். சிலவற்றில் ஸ்கேனரால்தான் அழிக்க முடியும். கம்ப்யூட்டர் புதிய சென்சாருக்குப் பழக இருபது, முப்பது கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டுங்கள். பிறகு புகைச் சோதனைக்குப் போங்கள். பாரத் ஸ்டேஜ் 2 பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்கும், ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம்.-க்கும் உள்ளே இருக்க வேண்டும். சான்றிதழில் அச்சாகும் அந்த இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த முறை அவை ஏறியிருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.