மூளையில் எழுத்து குடியேறும் இடம்

பக்கவாதத்திலிருந்து மீண்டு, கை கால்களின் வலுவும் பேச்சும் திரும்பப் பெற்ற நோயாளர் ஒருவர், காலையில் நாளிதழை விரித்ததும் திகைத்துப் போவதுண்டு. பார்வை தெளிவாக இருக்கிறது. எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆயினும் ஒரு சொல்லைக்கூட அவரால் படிக்க இயலவில்லை. மூக்குக்கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று குடும்பத்தார் எண்ணுகின்றனர். பழுது மூளையில் நேர்ந்தது என்பதை அவர்களுக்கு விளக்கும்போது, பிரான்சு நாட்டின் அறிவாற்றல் நரம்பியலாளர் ஸ்டானிஸ்லாஸ் தெஹானின் ஆய்வுகள் நமக்குப் பெருந்துணையாக நிற்கின்றன.

இந்நிலை மருத்துவ உலகிற்குப் புதிதன்று. 1887இல் பிரான்சில் வணிகர் ஒருவர் திடீரென வாசிக்கும் திறனை இழந்தார். அவரால் பேச முடிந்தது, எழுதவும் முடிந்தது. தாம் எழுதியதைத் தாமே படிக்க முடியவில்லை. எழுத்தின் வடிவை விரலால் வரைந்து பார்த்தால் மட்டும் அது இன்னதென்று அறிந்தார். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த மருத்துவர் ஜூல் தெஜெரின், இடப்பக்கப் பின்மூளையில் சிதைவு இருந்ததை 1892இல் வெளியிட்டார்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், தெஹானும் நரம்பியல் மருத்துவர் லோரான் கோஹெனும் காந்த அதிர்வுப் படங்களின் துணையுடன் அவ்விடத்தை நுணுகி ஆராய்ந்தனர். இடப்பக்கப் பின்மூளையின் அடிப்பகுதியில், எழுதப்பட்ட சொற்களைக் கண்டவுடன் கிளர்ந்தெழும் சிறு பகுதி ஒன்றை 2000ஆம் ஆண்டில் விவரித்தனர். அப்பகுதி எழுத்துக்கு மட்டுமே உரியதன்று என வாதிடும் ஆய்வாளர்களும் உளர். எனினும் வாசிப்புக்கு அதன் பங்கு இன்றியமையாதது என்பதற்கு எம் நோயாளர்களே சான்று.

இங்கு ஒரு கேள்வி எழும். எழுத்து தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. அதற்கென ஓர் உறுப்பை இயற்கை படைக்க அக்காலம் போதாது. முகங்களையும் பொருள்களையும் இனங்காணப் பிறவியிலேயே அமைந்த பகுதியின் ஒரு கூற்றை, இடைவிடாப் பயிற்சியால் எழுத்துக்கென மாற்றிக்கொள்கிறோம் என்பது தெஹானின் விடை. பேச்சு குழந்தைக்குக் கேட்டுப் பழகுவதாலேயே வந்துவிடும். வாசிப்போ கற்பித்தால்தான் வரும்.

2010இல் அவர் குழுவினர் பிரேசில், போர்ச்சுகல் நாடுகளைச் சேர்ந்த 63 பெரியவர்களின் மூளையைப் படமெடுத்தனர். அவர்களுள் எழுத்தறியாதோர், முதிர்ந்தபின் எழுத்தறிந்தோர், இளமையிலேயே பள்ளி சென்றோர் என மூவகையினர் இருந்தனர். வாசிப்புத் திறன் கூடக்கூட, எழுத்தைக் காணும்போது அப்பகுதியின் செயற்பாடும் கூடியது. பேச்சொலியைக் கேட்கும்போது மூளை இயங்கும் முறையும் மாறியிருந்தது. இம்மாற்றங்களுள் பெரும்பாலானவை, முதிர்ந்தபின் கற்றவர்களிடமும் காணப்பட்டன. வயது கடந்துவிட்டது என்று மனந்தளர்வோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

பெற்றோருக்கும் இவ்வாய்வுகளில் ஒரு செய்தி உண்டு. இடப்புறம் திரும்பிய பசுவும் வலப்புறம் திரும்பிய பசுவும் ஒரே பசுதான் என்று காணுமாறு நம் பார்வை அமைந்துள்ளது. எழுத்துக்கு அவ்வியல்பு பொருந்தாது. அதைக் குழந்தை மறக்கக் கற்க வேண்டும். எனவே தொடக்க வகுப்புக் குழந்தை எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதுவது சோம்பலுமன்று, அறிவுக்குறையுமன்று. ஏறத்தாழ எட்டு வயதுக்குள் அது பெரும்பாலும் மறையும். அதன் பின்னரும் எழுத்தையும் ஒலியையும் இணைக்கக் குழந்தை இடர்ப்பட்டால், கடிந்துகொள்வதை விடுத்து மதிப்பீட்டிற்கு அழைத்து வாருங்கள்.

தெஹானின் பணி ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. 2014இல் மூளை ஆய்வுக்கான ‘பிரெய்ன் பரிசு’ அவருக்கும் வேறு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 2018இல் பிரான்சு அரசு தன் கல்வி அமைச்சுக்கென அமைத்த அறிவியல் குழுவின் தலைமையையும் அவர் ஏற்றார். ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய ஒலியை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்பதை அவர் தொடர்ந்து வலியுறுத்துகிறார்.

நோயாளர்க்கும் குடும்பத்தார்க்கும் நாம் கூற விழைவது இதுவே. நன்கு படித்துவந்த ஒருவர் திடீரெனப் படிக்க இயலாமற் போனால், அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். கை கால்கள் நன்றாக இருப்பினும், மறுநாள் பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் 4½ மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும்.

வாசிப்பை இழந்து வீடு திரும்பியவரிடம், ‘இதுகூடத் தெரியவில்லையா?’ என்று கேளாதீர்கள். அவர் அறிவு மங்கிவிடவில்லை. எழுத்துகளை விரலால் வரைந்து, ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கும் பயிற்சியைப் பேச்சுப் பயிற்சியாளர் கற்பிப்பார். நாள்தோறும் சிறிது நேரம் அருகில் அமர்ந்து அப்பயிற்சிக்குத் துணைநில்லுங்கள். முன்னேற்றம் மெதுவாகவே வரும்; முதன்முறை எழுத்துக் கூட்டிப் படித்தபோதும் அவருக்கு அது மெதுவாகத்தான் வந்தது.