படிவத்தின் பெட்டிகளும் வெளியிலிருந்து வரும் கோப்பும்

நமது தாம்பரம் மாலை நேரக் கணினி வகுப்பில் பிள்ளைகள் இப்போது செய்துகொண்டிருப்பது கல்வி உதவித்தொகை விண்ணப்பம். இதுவரை காகிதத்தில் வாங்கிவந்ததை இணையப் பக்கமாக மாற்றுகிறோம். குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் பக்கமிருந்து வருகிறவர்கள் இனி ஒரு விண்ணப்பத்துக்காக ஒருநாள் கூலியை விட வேண்டியிருக்காது. வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் அதையே இம்மாதப் பாடமாகத் தருகிறோம்.

விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளைகளைப் பக்கத்துக்குள்ளேயே, படிவத்துக்குக் கீழே எழுதியபோது அவை வேலை செய்தன. அதே கட்டளைகளைத் தனிக் கோப்பில் வைத்து, பக்கத்தின் தலைப்பகுதியில் அந்தக் கோப்பை அழைத்தபோது வேலை செய்யவில்லை. வெளிக் கோப்புக்குப் பெட்டிகளைத் தொட அனுமதி இல்லையோ என்று பிள்ளைகள் கேட்டார்கள். அனுமதி தாராளமாக உண்டு. 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் இம்மொழியை உருவாக்கினார். மறு ஆண்டே, நெட்ஸ்கேப் 3-ல், தனிக் கோப்பை அழைக்கும் வசதி வந்துவிட்டது. பக்கத்துக்குள் எழுதிய கட்டளைக்கு என்ன உரிமையோ, அதே உரிமை வெளியிலிருந்து வரும் கோப்புக்கும் உண்டு.

கோளாறு நேரத்தில் இருக்கிறது. பிரவுசர் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. தலைப்பகுதியில் கோப்பின் பெயரைக் கண்டதும் நின்று, அதை வரவழைத்து, இயக்கி முடித்த பிறகுதான் கீழே இறங்கும். அந்த நொடியில் படிவம் இன்னும் பிறக்கவே இல்லை. ‘கெட் எலிமென்ட் பை ஐடி’ என்று பெட்டியைத் தேடினால் ‘நல்’ என்று பதில் வரும். காதுக்கு நல்லதாக ஒலித்தாலும் ‘ஒன்றுமில்லை’ என்பதே அதன் பொருள். கோப்பை அழைக்கும் வரியில் ‘டிஃபர்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், பக்கம் முழுவதையும் படித்த பிறகே கோப்பு இயங்கும். அல்லது அந்த வரியைப் படிவத்துக்குக் கீழே கொண்டுபோகலாம்.

அதன் பிறகும் ஒரு சிக்கல். கோப்பு இயங்கத் தொடங்கியதுமே பெட்டியின் ‘வேல்யூ’வை எடுத்து வைத்துக்கொண்டால் கிடைப்பது வெற்றிடம்தான், விண்ணப்பதாரர் அப்போது எதுவும் எழுதியிருக்க மாட்டார். அனுப்பும் பட்டனை அழுத்தும்போது அதைப் படிக்க வேண்டும். இன்னொன்று: அந்தப் பட்டனுக்கே ‘சப்மிட்’ என்று பெயர் வைத்துவிடாதீர்கள். படிவத்தை அனுப்பும் கட்டளைக்கும் அதே பெயர். பட்டன் அதை மறைத்துவிடும். அனுபவமுள்ளவர்களையே மணிக்கணக்கில் அலையவைத்த வில்லங்கம் இது.

வெளிக் கோப்பால் என்னவெல்லாம் முடியும் என்பதற்கு நம் மொழியிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி தமிழ் 99 விசைப்பலகை வந்தது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், ஆக 31 எழுத்துகள் அதில் உண்டு. ‘எச்’ இருக்கும் விசையைத் தட்டினால் ‘க’ வரும். அடுத்து ‘க்யூ’ விசையைத் தட்டினால் அது ‘கா’ ஆகும். தனியாகத் தட்டினால் ‘ஆ’ தரும் அதே விசை, இங்கே காலைச் சேர்ப்பது எப்படி? ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒவ்வொரு தட்டலின்போதும் பெட்டிக்குள் பார்க்கிறது. கர்சருக்கு முன்னால் இருப்பது ‘க’ என்று கண்டு, அதற்கேற்பப் பெட்டியில் உள்ளதை மாற்றி எழுதுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் கணினியில் வேறெதுவும் நிறுவாமல் தமிழில் எழுத முடிவது இவ்வகைக் கோப்பினால்தான். நமது விண்ணப்பத்திலும் பெயர்களைத் தமிழில் எழுத இதையே சேர்க்கிறோம்.

இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தட்டலையும் பார்க்கும் கோப்பு, பார்த்ததை வேறிடத்துக்கு அனுப்பவும் முடியும். தடுக்கும் ஏற்பாட்டைப் பக்கத்தை நடத்துகிறவர் செய்து வைத்திருந்தாலொழிய, பிரவுசர் அதைக் கேள்வி கேட்காது.

2018 ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தில் நடந்தது இதுதான். நம் மீனம்பாக்கத்திலிருந்து லண்டனுக்கு விமானம் விடுகிற அதே நிறுவனம். அதன் பக்கம் பயன்படுத்திவந்த ‘மாடர்னைசர்’ என்ற கோப்பில் திருடர்கள் 22 வரிகளைச் சேர்த்தார்கள். பணம் செலுத்தும் பட்டனை அழுத்தியதும் பெயர், அட்டை எண் எல்லாம் நிறுவனத்தின் பெயரைப் போலவே தோன்றும் வேறொரு முகவரிக்குப் போயின. டிக்கெட்டும் வழக்கம்போல் பதிவானதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சுமார் 3,80,000 பரிவர்த்தனைகள் என்று நிறுவனம் முதலில் அறிவித்தது. 2020 அக்டோபரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. அந்தக் கோப்பு யாரோ மூன்றாமவரின் கணினியில் இருக்கவில்லை. நிறுவனத்தின் சொந்த சர்வரிலேயே இருந்தது. முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படம் வழியில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்றுதான் சொல்லும். பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஒரு குடும்பத்தின் வருமானமும் வங்கிக் கணக்கு எண்ணும் நம்மிடம் தரப்படும் அமானிதம். ஆகவே சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். தமிழ்த் தட்டச்சுக் கோப்பை வேறிடத்திலிருந்து அழைக்காமல், படித்துப் பார்த்து நம் தளத்திலேயே வைக்கிறோம். அழைக்கும் வரியில் ‘இன்டெக்ரிட்டி’ என்ற குறிப்பும் இருக்கும். இது கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் பிரவுசர் அதை இயக்க மறுத்துவிடும். ஆனால் தளத்துக்குள் புகுந்தவன் அந்தக் குறிப்பையே மாற்றிவிடலாம் என்பதால், தளத்தின் கடவுச்சொல் நிர்வாகிகள் இருவரிடம் மட்டும் இருக்கும். விளம்பரக் கோப்பு, வருகையாளரை எண்ணும் கோப்பு எதுவும் அந்தப் பக்கத்தில் கிடையாது.

பெட்டியே இல்லாவிட்டால் திருடுவதற்கும் ஒன்றுமில்லை. ஆதார் எண்ணுக்குப் பெட்டி வைக்கவில்லை. வங்கிக் கணக்கு எண்ணுக்கு வைத்திருந்த பெட்டியையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டோம். உதவித்தொகைக்குத் தேர்வானவர்களிடம் மட்டும் அதை நேரில் கேட்டு வாங்கிக்கொள்வோம். கைபேசியில் நிரப்பத் தயங்குகிறவர்களுக்குக் காகித விண்ணப்பமும் வழக்கம்போல் அலுவலகத்தில் கிடைக்கும்.