டிரங்குப் பெட்டி, பக்கெட், ஒரு அரிவாள்: நைஜீரியாவின் ஹாஸ்டல் கதைகள்

எங்க சின்னத் தாத்தா 1979-ல இருந்து ஆறு வருஷம் நைஜீரியாவுல ஃபிசிக்ஸ் வாத்தியாரா இருந்தார். எண்ணெய்ப் பணம் வந்த காலம் அது. ஊருக்கு ஊர் ஸ்கூல் திறந்தாங்க, வாத்தியார் பத்தலை, இந்தியாவுல இருந்து ஆள் எடுத்தாங்க. அவர் சொன்னதுல எனக்கு மறக்கவே மறக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. முதல் வருஷம் சேர வர்ற பத்து, பதினோரு வயசுப் பசங்க ஒரு டிரங்குப் பெட்டி, பெயிண்ட்ல பேர் எழுதின பக்கெட், கூடவே ஒரு அரிவாளும் கொண்டு வருவாங்களாம்.

"சண்டை போடவா தாத்தா?"ன்னு கேட்டேன்.

"புல்லு வெட்டடா"ன்னு சிரிச்சார். ஸ்கூல் வளாகத்துல ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பங்கு நிலத்தை அளந்து விடுவாங்களாம். அங்க புல் வளராம பாத்துக்கறது அவன் பொறுப்பு.

அந்த அரிவாளுக்காகத்தான் போன லீவுல நைஜீரியக் கதைகள் பக்கம் போனேன். போனப்புறம் ஒண்ணு கவனிச்சேன். போர்டிங் ஸ்கூலை வச்சு ஒரு புதுக் கதை வந்தா அங்க உள்ள வாசகர்கள் ஆசையா எடுத்துப் படிக்கிறாங்க. படிச்சு முடிச்சதும் "எங்க ஸ்கூல்லயும் இப்படித்தான்"னு தன் கதையைச் சொல்ல ஆரம்பிச்சிடறாங்க. பசி, அடி, தண்ணி தூக்கறது, வீட்டை நினைச்சு அழறதுன்னு அந்த வாழ்க்கை ஒண்ணும் சொகுசு இல்லை. அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப அங்கயே போகணும்னு தோணுது? இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

முதல்ல அந்த ஸ்கூலைப் பாத்துடலாம்

பிரிட்டிஷ்காரங்க ஆண்டப்போ, தங்களுக்கு வேண்டிய அதிகாரிகளைத் தயார் பண்ண அவங்க ஊர் போர்டிங் ஸ்கூல் மாதிரியே நைஜீரியாவுலயும் கட்டினாங்க. லாகோஸ்ல கிங்ஸ் காலேஜ் 1909-ல வந்தது, பெண்களுக்கான குயின்ஸ் காலேஜ் 1927-ல. உமுவாஹியாவுலயும் இபாதான்லயும் அரசுக் கல்லூரிகள் 1929-ல தொடங்கின. பேர்தான் காலேஜ், எல்லாமே மேல்நிலைப் பள்ளிகள். கிறிஸ்தவ மிஷன்களும் இதே மாதிரி நிறைய நடத்தினாங்க.

1960-ல சுதந்திரம் வந்தது. 500-க்கு மேல மொழிகள் இருக்கற நாட்டை எப்படி ஒண்ணா வச்சிருக்கிறதுங்கிறது பெரிய கேள்வி. 1966-ல மத்திய அரசு சொகோட்டோ, வார்ரி உட்பட மூணு ஊர்ல ஃபெடரல் கவர்ன்மென்ட் காலேஜ் ஆரம்பிச்சது. ஹவுசா, யொருபா, இக்போ பேசற பிள்ளைங்க ஒரே டார்மிட்டரியில தூங்கி எழுந்தா, பெரியவங்களானதும் ஒருத்தரை ஒருத்தர் அந்நியமாப் பாக்க மாட்டாங்கங்கிற நம்பிக்கைதான் காரணம்.

அடுத்த வருஷமே உள்நாட்டுப் போர் வந்துடுச்சு. 1967 ஜூலையில தொடங்கி 1970 ஜனவரியிலதான் முடிஞ்சது. ஆனா அரசு அந்த யோசனையைக் கைவிடலை. போருக்கு அப்புறம் இன்னும் நிறையத் திறந்தாங்க. 'யூனிட்டி ஸ்கூல்'னு அழைக்கப்படற இந்தப் பள்ளிகள் இப்போ 100-க்கு மேல இருக்கு.

எல்லாக் குழந்தைகளும் இங்க படிச்சவங்க இல்லை. ஆனா புத்தகம் வாங்கிப் படிக்கறவங்க, எழுதறவங்கள்ல ரொம்பப் பேர் ஏதோ ஒரு போர்டிங் ஸ்கூலைத் தாண்டி வந்தவங்க. மொழி, மதம், ஊர் எல்லாம் வேற வேற. ஆனா அதிகாலை மணியும், வரிசையா அடுக்கின பக்கெட்டுகளும் எல்லாருக்கும் பொது.

அந்த உலகத்தோட அகராதி

இந்தக் கதைகளைப் படிக்க சில வார்த்தைகள் தெரியணும்.

'ப்ரொவிஷன்ஸ்'னா வீட்டுல இருந்து கட்டிக் கொடுக்கற மைலோ, பால் பவுடர், பிஸ்கட் எல்லாம் சேர்ந்தது. பெட்டிக்குப் பூட்டு ரொம்ப முக்கியம். 'காரி'ங்கிறது மரவள்ளிக் கிழங்கைத் துருவி, புளிக்க வச்சு, வறுத்து எடுக்கற ரவை மாதிரி ஒண்ணு. பச்சைத் தண்ணியில சர்க்கரையோட ஊற வச்சா சாப்பாடு ரெடி. கொஞ்சம் நிலக்கடலை கிடைச்சா அன்னைக்கு விருந்து. நமக்கு ராத்திரி பதினோரு மணி மேகி எப்படியோ, அவங்களுக்கு இது அப்படி.

'ப்ரெப்'னா சாயங்காலக் கட்டாயப் படிப்பு நேரம். அது முடிஞ்சு 'லைட்ஸ் அவுட்'. 'போர்ஷன்'னா நம்ம சின்னத் தாத்தா சொன்ன அந்தப் புல் பங்கு. 'விசிட்டிங் டே'ன்னா அம்மா அப்பா சோறு கட்டிட்டு வர்ற நாள். யாரும் வராத பிள்ளைக்கு அது ஸ்கூல்லயே மோசமான நாள்.

முக்கியமானது 'சீனியர்'. சீனியர் கூப்பிட்டா ஓடணும். தண்ணி கொண்டு வரணும், துணி துவைக்கணும். இதுலயே ஒரு பாசமான வடிவமும் உண்டு. ஒரு சீனியர் அக்கா ஒரு ஜூனியர் பொண்ணைத் தன் 'ஸ்கூல் டாட்டர்'னு எடுத்துக்குவா. இவ அவளுக்கு 'ஸ்கூல் மதர்'. ஜூனியர் வேலை செய்யணும், பதிலுக்கு வேற யாரும் அவ மேல கை வைக்க முடியாது. அன்பும் அதிகாரமும் எங்க பிரியுதுன்னு சொல்ல முடியாத இந்த உறவு ஒண்ணு போதும், நூறு கதை எழுதலாம்.

பேய் இல்லாத ஹாஸ்டல் உண்டா? அங்க அது 'மேடம் கொய் கொய்'. சிவப்பு ஹை ஹீல்ஸ் போட்ட ஒரு டீச்சர், செத்தும் டார்மிட்டரியை விட்டுப் போகலையாம். ராத்திரி வராந்தாவுல செருப்புச் சத்தம் 'கொய்... கொய்...'ன்னு கேட்கும். ஒவ்வொரு ஸ்கூல்லயும் கதை கொஞ்சம் மாறும். பக்கத்து நாடான கானாவுல அவங்க பேர் 'மேடம் ஹை ஹீல்'. 2023-ல நெட்ஃப்ளிக்ஸ் இந்தப் பேயை வச்சு ரெண்டு பாகத் தொடரே வெளியிட்டது.

பாடப்புத்தகத்துக்குத் தடை போட்ட ஸ்கூல்

சினுவா அச்சேபே 1944-ல உமுவாஹியா அரசுக் கல்லூரியில சேர்ந்தார். அங்க பிரின்சிபால் வில்லியம் சிம்ப்சன் கொண்டு வந்த ஒரு விதி, 'டெக்ஸ்ட்புக் ஆக்ட்'. வாரத்துல மூணு நாள் சாயங்காலம் யாரும் பாடப்புத்தகத்தைத் தொடக்கூடாது. விளையாடலாம், கதைப் புத்தகம் படிக்கலாம். ஒளிச்சு வச்சுப் பாடம் படிச்சா தண்டனை! தன் மாதிரி ஆட்கள் எழுத்தாளரானதுக்கு இந்த விதியும் ஒரு காரணம்னு அச்சேபே பின்னாடி எழுதியிருக்கார். அந்த ஒரே ஸ்கூல்ல இருந்து கிறிஸ்டோபர் ஒகிக்போ, எலெச்சி அமாடி, கேப்ரியல் ஒகாரா, சுக்வுஎமெக்கா ஐக், கென் சாரோ-விவான்னு ஒரு வரிசையே வந்தது.

நான் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிச்சது ஒரு ரெசிடென்ஷியல் ஸ்கூல்ல. பேர் வேண்டாம். அங்க சட்டம் நேர் எதிர். நோட்ஸ் தவிர வேற புத்தகம் கையில இருந்தா வார்டன் பிடுங்கிடுவார். என்னோட ஒரு நாவல் இன்னும் அவர்கிட்டதான் இருக்கு.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் போய் வில்சன் வந்தான்

ரொம்ப காலம் நைஜீரியப் பிள்ளைகள் படிச்ச ஸ்கூல் கதைகள் இங்கிலாந்துல இருந்து வந்தவை. ஈனிட் பிளைட்டனோட மலோரி டவர்ஸ், செயின்ட் கிளேர்ஸ் எல்லாம் நானும் படிச்சிருக்கேன். நடுராத்திரி விருந்து, ஜிஞ்சர் பியர். சிமமாண்டா அடிச்சி 2009-ல டெட் மேடையில இதைச் சொன்னார். சின்ன வயசுல அவர் எழுதின கதைகள்ல எல்லாரும் வெள்ளைக்காரங்க, பனியில விளையாடுவாங்க, ஜிஞ்சர் பியர் குடிப்பாங்க. அது என்ன பானம்னு அவருக்கே தெரியாது!

அந்த இடத்துலதான் 1970-களோட தொடக்கத்துல அனெசி ஒகோரோவின் 'ஒன் வீக் ஒன் ட்ரபிள்' வந்தது. ஆசிரியர் தோல் மருத்துவப் பேராசிரியர். ஹீரோ வில்சன் டாக்போ, புதுசா ஸ்கூல்ல சேர்ந்த பையன். தலைப்பே சொல்ற மாதிரி வாரத்துக்கு ஒரு வம்பு. தன் பேர் மாதிரிப் பேர், தன் ஸ்கூல் மாதிரி ஸ்கூல். 1977-ல மேக்மில்லன் ஆரம்பிச்ச 'பேஸ்செட்டர்ஸ்' வரிசையும் சின்னச் சின்ன நாவல்களை இளைஞர்கள் கையில கொண்டு சேர்த்தது.

1985-ல சுக்வுஎமெக்கா ஐக் எழுதின 'தி பாட்டில்ட் லெப்பர்ட்' இன்னும் ஆழமா போகுது. அமோபிங்கிற பையன் தனக்கும் ஒரு சிறுத்தைக்கும் தொடர்பு இருக்குன்னு பயப்படறான். கிராமம் அதை நம்புது, ஸ்கூல் அதை மூடநம்பிக்கைன்னு சொல்லுது. ஒரே பையனுக்குள்ள ரெண்டு படிப்பு. லேப்ல ஓம்ஸ் லா போட்டுட்டு, வீட்டுக்கு வந்ததும் திருஷ்டி சுத்திக்கற நமக்கு அந்தக் குழப்பம் புரியாதா என்ன?

புதுக் கதைகள் என்ன பேசுது?

பழைய கதைகள்ல குறும்பு அதிகம், காயம் கம்மி. புதுசா எழுதறவங்க அந்தக் காயத்துல கை வைக்கிறாங்க.

செஃபி அட்டா தானே குயின்ஸ் காலேஜ்ல படிச்சவர். 2005-ல வந்த அவரோட 'எவ்ரிதிங் குட் வில் கம்' நாவல்ல எனிடான் லாகோஸ்ல ஒரு பெண்கள் போர்டிங் ஸ்கூலுக்குப் போறா. நாட்டோட மத்த பக்கங்கள்ல இருந்து வந்த பொண்ணுங்களை அவ முதல்முறையா அங்கதான் பாக்கறா. 2022-ல வந்த ஒமோலோலா இஜியோமா ஒகுன்யெமியின் 'ஜொலோஃப் ரைஸ் அண்ட் அதர் ரெவல்யூஷன்ஸ்' ஒண்ணோட ஒண்ணு கோத்த கதைகள். பெண்கள் போர்டிங் ஸ்கூல்ல சிநேகமான நாலு பேர், அங்க நடந்த ஒரு மாணவிகள் கலகம், அது அவங்களை வாழ்நாள் முழுக்கத் துரத்தறது.

சுக்வுஎபுகா இபே 2000-ல பிறந்தவர், கிட்டத்தட்ட நம்ம செட். 2024-ல வந்த அவரோட 'பிளெஸ்ஸிங்ஸ்'ல ஒபிஎஃபுனாங்கிற பையனுக்கு இன்னொரு பையன் மேல ஆசை இருக்குன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சதும், அவனை ஒரு செமினரி ஸ்கூலுக்கு அனுப்பிடறார். 'திருத்த' அனுப்பின இடத்துலயே அவன் சீனியர்களோட கொடுமையையும் தன்னை மறைச்சு வாழற பயத்தையும் கத்துக்கறான்.

இன்னொரு பயமும் சேர்ந்துக்கிட்டது. 2014 ஏப்ரல் 14 ராத்திரி சிபோக் ஊர்ல ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்குள்ள போகோ ஹராம் ஆட்கள் நுழைஞ்சு 276 மாணவிகளைக் கடத்தினாங்க. பரீட்சை எழுத வந்து தங்கியிருந்த பொண்ணுங்க. அதுக்கப்புறம் டார்மிட்டரிங்கிற சொல்லே நிறைய பெற்றோருக்குப் பழைய மாதிரி கேட்டிருக்காது.

அப்போ, ஏன் இவ்வளவு ஆசை?

எனக்குப் புரிஞ்சது மூணு.

ஒண்ணு, சரிபார்க்கிற சந்தோஷம். 'காரியில சர்க்கரை எப்போ போட்டான்? இந்த ஸ்கூல்ல போர்ஷன் உண்டா?'ன்னு ஒவ்வொரு வாசகரும் ஒரு நிபுணர். ரெண்டு, அது பொதுவான ஊர். வீட்டுல பேசற மொழி எதுவா இருந்தாலும் லைட்ஸ் அவுட் மணி எல்லாருக்கும் ஒண்ணு.

மூணாவதுதான் முக்கியம். அங்க நடந்ததை வீட்டுல யாரும் சொல்லலை. சொன்னாலும் 'நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம், ஆம்பளை ஆகணும்ல'ன்னு பதில் வந்திருக்கும். ஜூனியரா அடி வாங்கினவன் நாலஞ்சு வருஷத்துல தானே சீனியர் ஆகறான். அடி வாங்கினதைச் சிரிச்சுச் சொல்லலாம், கொடுத்ததை எப்படிச் சொல்றது? கதை அதுக்கு இடம் கொடுக்குது. 'இது நான் இல்லை, இது ஒரு கதாபாத்திரம்'னு சொல்லிட்டு உண்மையைச் சொல்லலாம்.

இதை எழுதும்போது எனக்கும் ஒருத்தன் ஞாபகம் வந்தான். என் பிளஸ் டூ ஹாஸ்டல்ல பிளஸ் ஒன் பையன் ஒருத்தனுக்குத் திக்குவாய். தினமும் ஸ்டடி முடிஞ்சதும் அவனை எழுப்பி நிறுத்தி பேப்பர் படிக்கச் சொல்வாங்க. ரூமே சிரிக்கும். நான் படிக்கச் சொன்னதில்லை. ஆனா நானும் அங்கதான் இருந்தேன், சிரிச்சேன். தீபாவளி லீவுக்குப் போனவன் திரும்பி வரலை. வார்டன் 'உடம்பு சரியில்லையாம்'னு சொன்னார், நாங்களும் நம்பிக்கிட்டோம். அந்த ஸ்கூல் கதைகளை நான் இங்க காலேஜ்ல எத்தனையோ தடவை காமெடியா சொல்லியிருக்கேன். ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை.

புதுசாப் படிக்கறவங்க சிரிப்புக்கு 'ஒன் வீக் ஒன் ட்ரபிள்'ல ஆரம்பிங்க. மனசு கனத்தாலும் பரவாயில்லைன்னா 'பிளெஸ்ஸிங்ஸ்' எடுங்க. படிச்சு முடிச்சதும் நைஜீரிய வாசகர்கள் செய்யறதையே நீங்களும் செய்வீங்க, 'எங்க ஹாஸ்டல்லயும்...'னு ஆரம்பிப்பீங்க. அதை எழுதி நம்ம இதழுக்கு அனுப்புங்க. சிரிச்ச பகுதியோட, சொல்லாம விட்ட பகுதியையும் சேர்த்து. அடுத்த இதழுக்கு என்னோடதை நான் எழுத ஆரம்பிச்சுட்டேன்.