வீடு தேடி வரும் ரத்தச் சோதனையும் தோட்டக் குடும்பங்களும்: கோலா சிலாங்கூரை முன்வைத்து

ஒரு நாட்டின் மக்கள் அனைவரையும் சோதித்துப் பார்ப்பது இயலாத செயலாகையால், எல்லாப் பகுதிகளிலிருந்தும் குலுக்கல் முறையில் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அங்கு வாழ்வோரிடம் வினாக்கள் கேட்டும் சிறிதளவு ரத்தம் பெற்றும் நோயின் பரவலைக் கணிக்கும் முறையே தேசிய வீட்டுச் சுகாதார ஆய்வு எனப்படுகிறது. மலேசியச் சுகாதார அமைச்சின்கீழ் இயங்கும் பொதுச் சுகாதாரக் கழகம் இத்தகைய ஆய்வை 1986இல் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடத்திவந்தது. 2011க்குப் பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. 2020ஆம் ஆண்டுச் சுற்றின் பொருள் தொற்றுநோய்கள். எனினும் இந்நாட்டின் எச்.ஐ.வி. கணக்கு பெரும்பாலும் மருத்துவர்கள் அளிக்கும் அறிவிப்புகள், 1998 முதல் கர்ப்பிணிப் பெண்களுக்குச் செய்யப்படும் சோதனை, தொற்று ஆபத்து மிகுந்த பிரிவினரிடையே நடத்தப்படும் தனி ஆய்வுகள் ஆகியவற்றிலிருந்தே கிடைக்கிறது. பொது மக்களிடம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்து, குறிப்பிட்ட சில பிரிவினரிடம் ஐந்து விழுக்காட்டைத் தாண்டி நிற்கும் பரவலைச் செறிந்த தொற்று என்பர். மலேசியாவின் நிலை அதுவே என்பதால் வீடுவீடாகச் செல்லும் ஆய்வு இங்கு எச்.ஐ.வி.க்கு முதன்மைக் கருவியாகவில்லை.

அக்கருவியின் வலிமையை இந்தியாவின் அனுபவத்தில் காணலாம். சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் 1986இல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபின், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வரை இந்தியாவின் கணக்கு முதன்மையாக அரசு மருத்துவமனைகளுக்கு வந்த கர்ப்பிணிகளின் ரத்தத்தையும் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்தோரின் ரத்தத்தையும் கொண்டே போடப்பட்டது. 2005-06இல் நடந்த மூன்றாம் தேசியக் குடும்பநல ஆய்வு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தை அவரவர் வீட்டிலேயே பெற்றுச் சோதித்தபோது, 15 முதல் 49 வயது வரையிலானோரில் தொற்றின் அளவு 0.28 விழுக்காடு என்றும், தமிழ்நாட்டில் அது 0.34 விழுக்காடு என்றும் தெரியவந்தது. அந்த ஆய்வையும் விரிவாக்கப்பட்ட கண்காணிப்பு மையங்களின் தரவுகளையும் இணைத்துப் பார்த்ததன் விளைவாக, 2006இல் 57 லட்சம் என்று சொல்லப்பட்ட நாட்டின் மதிப்பீடு 2007இல் 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. மருத்துவமனைக்கு வருவோர் ஊரின் சரியான மாதிரி அல்லர் என்பதை மெய்ப்பித்தவர்கள், கதவைத் திறந்து விரலை நீட்டிய அந்தக் குடும்பத்தினரே என்பதை நன்றியோடு சொல்லவேண்டும்.

ஆயிரம் பேரைச் சோதித்தால் மூவரிடம் மட்டுமே காணப்படக்கூடிய ஒரு தொற்றை அளக்கும்போது, மறுக்கப்படும் ஒவ்வொரு கதவும் கணக்கைச் சாய்க்கிறது. சிறுபான்மைச் சமூகத்துக்கு இந்தச் சாய்வு இன்னும் பெரிது. 2002 முதல் வீட்டுவழி எச்.ஐ.வி. ஆய்வுகள் நடந்துவரும் தென்னாப்பிரிக்காவில், மக்கள்தொகையில் சிறு பங்கினரான இந்திய வம்சாவளியினரைப் பற்றி நம்பத்தக்க முடிவு கிடைக்க வேண்டுமென்பதற்காக அவர்கள் வாழும் பகுதிகளில் கூடுதல் வீடுகளைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. மலேசிய மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழு விழுக்காடாகிய இந்தியரின் நிலையும் ஒப்பிடத்தக்கதே. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வீடு ஒத்துழைக்க மறுத்தால் பக்கத்து வீட்டை அதன் இடத்தில் சேர்க்க ஆய்வு விதி இடந்தருவதில்லை. அவ்விடம் வெறுமையாகவே நின்றுவிடும்.

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவான தென்னமரம் தோட்டமும், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவும், புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் ஆகிய ஊர்களும் அடங்கிய கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் இத்தகைய ஆய்வுக்கு வருவோர் எதிர்கொள்ளும் தயக்கத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பால்மரக் காலத்திலிருந்தே தோட்டத்து மக்களின் காய்ச்சலையும் காயத்தையும் பார்த்தவர் டிரெசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர். அவருக்குச் சம்பளம் தந்தது தோட்ட நிர்வாகமாகையால், உடம்பைப் பற்றிய செய்தி ஆபீசுக்குப் போய்ச் சேரும் என்ற எண்ணம் தலைமுறைகளாக வேரூன்றியதில் வியப்பில்லை. ஆகவே வாசலில் நிற்பவர் யார் என்பதைத் தெளிவாகக் கேட்டறிவது அவமரியாதை ஆகாது. அடையாள அட்டையையும் ஆய்வுக் கடிதத்தையும் காட்டச் சொல்லலாம். ஐயம் நீங்காவிட்டால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்து கொள்ளலாம். ஆய்வு முடிவுகள் தோட்ட நிர்வாகத்துக்குத் தரப்படுமா என்ற கேள்வியை முகத்துக்கு நேராகக் கேட்டுப் பதில் பெறுவதே நல்லது.

நேரமும் இடமும் அடுத்த சிக்கல். குலை வெட்டப் போகிறவர் விடியுமுன்னரே கிளம்பிவிடுவதால், காலையில் வரும் ஆய்வாளர் கண்ணில் படுவோர் முதியவர்களும் குழந்தைகளும் மட்டுமே; மாலை நேரமோ ஞாயிற்றுக்கிழமையோ குறித்துத் தருவது ஆய்வின் தரத்தையே உயர்த்தும். பலகைச் சுவர் கொண்ட லயத்து வீட்டில் ஒரு அறையில் பேசுவது அடுத்த வீட்டு அடுப்படி வரை கேட்கும் என்பதால், பாலுறவு, போதை ஊசி போன்றவை பற்றிய வினாக்கள் வரும்போது வீட்டைவிட்டுத் தள்ளி, மரத்தடியிலோ ஆளில்லாத மண்டபத்திலோ உட்கார்ந்து பேசக் கேட்பது ஒருவருடைய உரிமை. இதனினும் கவனிக்க வேண்டியது மொழி. மலாய் சரியாகப் புரியாத பாட்டிக்குப் பள்ளி செல்லும் பேத்தியே மொழிபெயர்ப்பாளராகிவிடும் வழக்கம் அரசு உதவி விண்ணப்பத்துக்கும் வங்கிப் படிவத்துக்கும் சரி; ஆனால் எச்.ஐ.வி. வினாக்களுக்கு அது இருவரையும் கூசச் செய்து பொய்ப் பதிலுக்கே வழி வகுக்கும். தமிழ் பேசும் பணியாளரை, அதுவும் அதே தோட்டத்தைச் சேராதவரை, அனுப்புமாறு கேட்பதில் தவறில்லை.

ஒப்புதல் என்பது கையெழுத்து மட்டுமன்று. என்ன கேட்கப்படும், ரத்தம் எதற்காகச் சோதிக்கப்படும், மறுத்தால் என்ன ஆகும் ஆகியவற்றை விளங்கிக்கொண்டு தரும் இசைவே ஒப்புதலாகும். வீட்டுத் தலைவர் ஆய்வாளரை உள்ளே அழைத்தார் என்பதால் மனைவியும் மகனும் இசைந்ததாக ஆகாது. வயது வந்த ஒவ்வொருவரும் தனித்தனியே சொல்ல வேண்டும். வினாக்களுக்கு விடையளித்துவிட்டு ரத்தம் தர மறுக்கலாம். பிடிக்காத ஒரு வினாவை மட்டும் விட்டுவிடலாம்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு: தந்த ரத்தத்தின் முடிவு தமக்குத் தெரியவருமா என்பது. மேற்சொன்ன இந்திய ஆய்வில் விரல் நுனி ரத்தம் வடிதாளில் சொட்டவிடப்பட்டு உலர்த்தப்பட்டது. இதனை உலர் ரத்தப் பொட்டு என்பர். அதில் பெயருக்குப் பதிலாகப் பட்டைக் குறியீடு மட்டுமே ஒட்டப்பட்டு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டபின் சோதனை முடிவுகள் மற்றத் தரவுகளோடு சேர்க்கப்பட்டதால், யாருக்கும் அவருடைய முடிவு சொல்லப்படவில்லை. அறிய விரும்பியோர் இலவசச் சோதனை மையங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அண்மையில் நடந்த ஆய்வுகளோ வீட்டிலேயே ஆலோசனையுடன் முடிவைத் தெரிவித்தன. ஊசி குத்துமுன் இவ்விரண்டில் எது நடக்கும் என்று கேட்காதவர், செய்தி வராததையே தொற்றில்லை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி எச்.ஐ.வி. மலேசியாவில் மருத்துவர் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டிய தொற்றாகையால், அடையாள அட்டை எண்ணோடு ரத்தம் இணைக்கப்படுமா என்பதும் முன்கூட்டியே கேட்க வேண்டிய வினாவே.

முடிவு சொல்லப்படும் ஆய்வாயின், முதல் விரைவுச் சோதனை தொற்றைக் காட்டியவுடன் அதையே தீர்ப்பாகக் கொள்ளலாகாது; உறுதிப்படுத்தும் சோதனை கட்டாயம் தேவை. தொற்றில்லை என்ற முடிவுக்கும் வரம்புண்டு: கிருமி உடலில் நுழைந்தபின் சோதனையில் தென்படும்வரை செல்லும் இடைவெளியான சாளரக் காலத்தில் ரத்தம் தந்தவர், மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2006 முதல் முதல்நிலை மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு ரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி குறைந்து அப்படியே நீடிப்பவரிடமிருந்து பாலுறவு வழியே தொற்று பரவுவதில்லை. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடென்று உலகச் சுகாதார நிறுவனம் மேற்கு பசிபிக் வட்டாரத்தில் முதலாவதாக 2018இல் சான்றளித்தது மலேசியாவுக்கே. தம் நிலையை அறிய விரும்புவோர் எந்த ஆய்வுக்கும் காத்திராமல் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் சோதித்துக்கொள்ளலாம். தெரிந்த முகங்கள் இருக்குமே என்று பெஸ்தாரி ஜெயாவிலோ தஞ்சோங் காராங்கிலோ நுழையக் கூசுவோருக்கு, ரவாங்கும் கிள்ளானும் பேருந்து தொலைவில்தான் உள்ளன.