முதல் வேலைக்குப் போயிருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். “தொட்டதற்கெல்லாம் அழுகை வருகிறது, இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ” என்று கேட்டிருந்தாய். பெங்களூருவில் நர்ஸாக முதல் வேலை, அரைகுறைக் கன்னடம், அடுத்தடுத்து நைட் டியூட்டி. அழுகை வராமலிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

உணர்ச்சி நுண்ணறிவு என்று படித்திருப்பாய். சலோவே, மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-ல் அதை விளக்கினார்கள். தன் மனசிலும் பிறர் மனசிலும் ஓடுவதைக் கவனித்து, இன்னதென்று பிரித்தறிந்து, அதைக் கொண்டு யோசித்து நடக்கும் திறன் என்றார்கள். எதையும் சகித்துக்கொள் என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் பல ஆஸ்பத்திரிகளில் ‘எவ்வளவு திட்டினாலும் சிரித்த முகமாக இரு’ என்றே நர்ஸ்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு.

இப்படி ஒரு நிலையை நினைத்துப் பார்: இரவு 2 மணி. டிரிப்ஸ் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறி நிற்கிறது. நோயாளிக்குத் துணையாக வந்த அட்டெண்டர் வார்டே விழிக்கும்படி கத்துகிறார். முதலில் நோயாளியின் கையைப் பார், குழாயைச் சரிசெய். அப்போதே உன் படபடப்பையும் கவனி. கோபமா, பயமா, சாயங்காலத்திலிருந்து சாப்பிடாத பசியா? எதுவென்று தெரிந்தாலே கொஞ்சம் தணியும். அப்புறம் அந்த மனிதரைப் பார். ராய்ச்சூரிலிருந்து வந்து, சில நாளாக வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பவராக இருக்கலாம். “கூத்கொள்ளி அண்ணா, நான் நோட்தீனி” (உட்காருங்கள் அண்ணா, நான் பார்க்கிறேன்) என்று சொல். டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்பதையும் சொல். பெரும்பாலும் அவருக்கு வேண்டியது அந்த ஒரு தகவல்தான்.

கெட்ட வார்த்தை பேசினாலோ கை ஓங்கினாலோ பொறுத்துப் போகாதே. செக்யூரிட்டியைக் கூப்பிடு, எழுத்தில் புகார் கொடு. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிரான 2009-ஆம் ஆண்டுக் கர்நாடகச் சட்டம் நர்ஸ்களுக்கும் பொருந்தும்.

‘போகப் போகப் பழகிடும்’ என்பார்கள் சீனியர்கள். எப்படிப் பழகுகிறோம் என்பதில் கவனமாக இரு. லண்டனின் ஒரு போதனா மருத்துவமனையைப் பற்றி இசபெல் மென்சீஸ் 1960-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அங்கே நோயாளியைப் பெயர் சொல்லாமல், படுக்கை எண்ணையும் கெட்டுப்போன உறுப்பையும் சொல்லியே குறிப்பிட்டார்களாம். ஒரே நோயாளியிடம் எந்த நர்ஸும் ஒட்டிவிடாதபடி வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். மனசு நோகாமல் இருக்க வந்த வழக்கங்கள் அவை. ஆனாலும் பதற்றம் குறையவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பாதியிலேயே விலகிப்போனார்கள், நல்ல நர்ஸாக வந்திருக்கக்கூடியவர்கள் உட்பட. அதனால் ஹேண்டோவரில் பெட் நம்பரோடு பெயரையும் சேர்த்துச் சொல்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். பொது வார்டில் போதனா மருத்துவமனையானால் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடங்களில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. இருபது பேரை ஒருத்தியே பார்க்கும் இரவில் எரிச்சல் வந்தால், உன்னிடம் என்ன கோளாறு என்று தேடாதே. பர்ன்-அவுட் என்பது சரியாகக் கையாளப்படாத, நீடித்த பணியிட நெருக்கடியின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனமே 2019-ல் வகைப்படுத்திவிட்டது. நோயாளியிடம் பேசும் தொனி உன் பொறுப்பு. ஆள் பற்றாக்குறை நிர்வாகத்தின் பொறுப்பு. அதைத் தனியாக முணுமுணுக்காமல், நாலு பேராகச் சேர்ந்து, தேதியும் நோயாளி எண்ணிக்கையும் எழுதி நர்சிங் சூப்பரின்டெண்டென்டிடம் கொடுங்கள்.

தூக்கம் கெட்டு, டியூட்டியை நினைத்தாலே வயிற்றைப் புரட்டும் நிலை வந்தால் 14416-ஐக் கூப்பிடு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவிச் சேவை அது. உங்கள் ஊர் நிம்ஹான்ஸ்தான் அதற்குத் தலைமை மையம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். இதைப் படித்து முடித்ததும் அந்த எண்ணைப் போனில் பதிந்து வை.

அன்புடன்,
பெரியம்மா