மனச்சோர்வுக்கு மாத்திரை

கவலை எல்லோருக்கும் வரும். சில நாளில் போய்விடும். சிலருக்கு அது போவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியும் மனம் தேறாது. தூக்கம் இருக்காது. பசி இருக்காது. எதிலும் சந்தோஷம் இருக்காது. இது சோம்பல் அல்ல. பேய் பிடித்ததும் அல்ல. இது ஒரு நோய். இதன் பெயர் மனச்சோர்வு. இதற்கு மருந்து உண்டு.

டாக்டர் மாத்திரை எழுதித் தருகிறார். அதன் பிறகு என்ன நடக்கும்?

முதலில் தொல்லை

தலைவலி மாத்திரை போட்டால் சிறிது நேரத்தில் வலி குறையும். இந்த மாத்திரை அப்படி அல்ல. முதலில் சிறு தொல்லைகள் வரலாம்.

ஃப்ளூயாக்செடின் என்பது ஒரு மாத்திரை. இதனால் குமட்டல், தலைவலி வரலாம். தூக்கம் கெடலாம். அதனால் இதைப் பெரும்பாலும் காலையில் போடச் சொல்வார்கள்.

அமிட்ரிப்டிலின் என்பது இன்னொன்று. இதனால் வாய் உலரும். தூக்கம் தூக்கமாக வரும். மலச்சிக்கல் வரலாம். இதை இரவில் போடச் சொல்வார்கள். எழும்போது தலை சுற்றலாம். மெதுவாக எழுந்திருங்கள்.

இந்தத் தொல்லைகள் எல்லோருக்கும் வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் குறையும்.

பிறகு குணம்

ஒரு விவசாயி நர்சிடம் கேட்டார்:

"சிஸ்டர், அஞ்சு நாள் ஆச்சு. வயித்தைக் குமட்டுது. மனசு மாறலை. நிறுத்திடவா?"

"ஐயா, விதை போட்ட அஞ்சாம் நாளே அரிவாளோட வயலுக்குப் போவீங்களா?"

"அது எப்படிம்மா முடியும்?"

"இதுவும் அப்படித்தான். குணம் தெரிய ரெண்டு முதல் நாலு வாரம் ஆகும். நிறுத்தாதீங்க. தொல்லை தாங்கலைன்னா இங்கே வந்து சொல்லுங்க."

முதல் மாத்திரை போட்ட தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். தினமும் ஒரு கோடு போடுங்கள். ஆறு வாரம் ஆகியும் மாற்றம் இல்லையா? டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் அளவை மாற்றுவார். அல்லது வேறு மாத்திரை தருவார்.

நன்றாக ஆன பிறகும் ஆறு மாதமாவது மாத்திரை வேண்டும். திடீரென நிறுத்தக் கூடாது. டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். இது சாராயம் போல அடிமையாக்கும் பொருள் அல்ல. ஆனால் இதோடு மது கூடாது. வேறு மருந்து சாப்பிட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க

முதல் சில வாரங்களில் சிலருக்குச் சாகும் எண்ணம் அதிகமாகலாம். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். அவர்களைத் தனியே விடாதீர்கள். மாத்திரையையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். உடனே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிப் பேசினாலும், பரபரப்பாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டெலி மானஸ் என்ற அரசு உதவி 2022-இல் தொடங்கியது. எண் 14416. இரவும் பகலும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

பதில் சொல்லுங்கள்

1. குணம் தெரிய எத்தனை வாரம் ஆகும்?
2. நன்றாக ஆனதும் மாத்திரையை நாமே நிறுத்தலாமா?
3. உதவி எண்ணை மூன்று முறை எழுதுங்கள். வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள்.