புதுப்புல் வருகிறது: ஆட்டுக்குத் துள்ளுமாரி ஊசி போட்டாயிற்றா?

புரட்டாசி – ஐப்பசி ஆலோசனை: தளவானூர், செஞ்சி வட்டார ஆடு வளர்ப்போருக்கு

தளவானூர்க் குடைவரை இருக்கும் பாறைக் குன்றைச் சுற்றி இரண்டு நல்ல மழை பெய்தால் போதும், ஒரு வாரத்தில் பச்சை பிடித்துவிடும். கோடையெல்லாம் சருகைத் தின்று வயிறு ஒட்டிக் கிடந்த ஆடுகள் அந்த இளம்புல்லில் விழுந்து மேயும். மறுநாள் விடிந்து பார்த்தால் பட்டியிலேயே கொழுத்த ஆடு செத்துக் கிடக்கும். பாம்பு தீண்டியது என்பார்கள், கண்பட்டது என்பார்கள். மழைக்காலத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது துள்ளுமாரியைத்தான்.

இதன் கிருமி வேறெங்கிருந்தும் வர வேண்டியதில்லை. கிளாஸ்ட்ரிடியம் என்னும் பாக்டீரியா, நோயில்லாத ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கும். தீவனம் திடீரென மாறி, செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலில் இறங்கினால், அது மளமளவெனப் பெருகி நஞ்சைக் கக்கும். செம்மறி துள்ளி விழுந்து, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, சில மணி நேரத்தில் உயிரை விடும். வெள்ளாட்டில் தண்ணீராகவோ ரத்தம் கலந்தோ கழிச்சல் ஓரிரு நாள் இழுக்கலாம். நஞ்சு ரத்தத்தில் ஏறிவிட்டால் எந்த ஆன்டிபயாட்டிக் ஊசியும் அதை முறிக்காது.

ஆகவே தடுப்பூசியை இந்த வாரமே போடுங்கள். இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கும் மருந்துகளில் துள்ளுமாரி தடுப்பூசியும் ஒன்று. உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். முதன்முறை போடும் ஆட்டுக்கு இரண்டு, மூன்று வாரத்தில் மறு ஊசியும் வேண்டும்; அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெள்ளாட்டின் உடலில் இந்த ஊசியின் பலம் செம்மறியைவிடச் சீக்கிரம் குறையும். ஆறு மாதத்தில் மறுபடி போட வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். குடற்புழு நீக்கத்தை ஊசிக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

காலையில் பட்டியைத் திறந்ததும் புல்லுக்கு விடாதீர்கள். மல்லாட்டைக் கொடியோ காய்ந்த தழையோ கொஞ்சம் தின்னட்டும். பனி உலர்ந்த பிறகு ஓட்டுங்கள். இளம்புல்லில் மேயும் நேரத்தை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஆட்டுக்குக் கொட்டுவது அன்பால் செய்யும் கொலை.

குட்டிகளுக்கு எமன் வேறு: ஈரத் தரையும் ஈ.கோலை பாக்டீரியாவும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது, பல தடவையாக. தொப்புள்கொடியில் டிஞ்சர் அயோடின் தடவுங்கள். பட்டியில் புழுக்கையும் மூத்திரமும் சேறாக விடாதீர்கள்.

இனி, கழிச்சல் கண்டுவிட்டால்? அங்கேதான் நாம் பெரிய தவறு செய்கிறோம். நேரே மெடிக்கலுக்குப் போய் ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி, பாதியை ஒரு ஆட்டுக்கும் மீதியை இன்னொன்றுக்கும் கொடுத்து, புழுக்கை கெட்டியானதும் நிறுத்திவிடுகிறோம். கழிச்சலுக்குக் காரணம் குடற்புழுவாக இருக்கலாம். குட்டிகளில் ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா ஒட்டுண்ணியாக இருக்கலாம். காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண்ணோடு கழிந்தால் ஆட்டுக்கொல்லியாக இருக்கலாம், அது வைரஸ். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரஸையோ புழுவையோ தொடாது. மாறாக, வளர்ந்த ஆட்டுக்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், தழையைச் செரிக்க வைக்கும் வயிற்று நுண்ணுயிர்கள் சாகும். ஆடு அசை போடுவதையே விட்டுவிடும்.

அரைகுறை மருந்தில் பிழைத்த பாக்டீரியா அதற்குப் பழகிவிடும். பழகிய குணத்தை மரபணுத் துண்டாகப் பக்கத்துப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். அது புழுக்கையோடு வயலுக்கும், மழைத்தண்ணீரோடு ஏரிக்கும், பட்டியில் விளையாடும் குழந்தையின் கைக்கும் போகும். கோலிஸ்டின் மனிதருக்குக் கடைசிப் புகலிடமான மருந்துகளில் ஒன்று. அதையும் எதிர்த்து நிற்கும், பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவும் மரபணு 2015-இல் சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் தெரியவந்தது. 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அந்த மருந்தைத் தடை செய்தது. உங்கள் பரணில் பழைய பொட்டலம் கிடந்தால் பெயரைப் படித்துப் பாருங்கள்.

கழியும் ஆட்டைத் தனியே கட்டுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து அடிக்கடி புகட்டுங்கள். புரை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டிக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ரத்தம் கலந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, ஆடு எழாவிட்டாலோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணை அழையுங்கள். புதுப் புழுக்கையைச் சுத்தமான டப்பாவில் எடுத்து வையுங்கள். மருத்துவருக்குப் பாதி விடை அதில் கிடைக்கும். ஆன்டிபயாட்டிக் தேவை என்று அவர் சொன்னால், ஆட்டின் எடைக்கேற்ற அளவை, சொன்ன நாள் வரைக்கும் கொடுங்கள்.

தீபாவளி நெருங்க நெருங்கச் செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் கூட்டம் ஏறும். அங்கே வாங்கி வரும் ஆட்டை மூன்று வாரம் மந்தையில் சேர்க்காதீர்கள். விற்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மருந்து கொடுத்த ஆட்டை, மருந்துச் சீட்டில் சொல்லியிருக்கும் விலக்கு நாள் கழியும் முன் சந்தைக்கு ஓட்டாதீர்கள். மருந்து தங்கிய அந்தக் கறியைக் குழந்தைகளும் தின்பார்கள்.